ஓவியத்தை விற்கும்போது எதை விற்கிறோம்? காட்சிக் கலைஞர்களுக்கான வழிகாட்டி

நமது மாநகர சபைப் பிரதேசத்தில் வாழும் தமிழரிடையே தூரிகை பிடிப்போர் குறைவல்லர். தஞ்சாவூர் ஓவியம் வரைவோர், அரங்கேற்ற மேடைக்குப் பின்திரை தீட்டுவோர், திருமண அழைப்பிதழுக்குச் சித்திரம் எழுதுவோர், களிமண்ணிலும் மரத்திலும் உருவம் செய்வோர் எனப் பலர் உளர். இவர்களுட் பெரும்பாலோர் வேறொரு வேலை செய்துகொண்டு, மாலையிலும் வார இறுதியிலும் கலைப்பணி செய்கின்றனர். தமக்குக் கிடைக்கும் பணத்தை அவர்கள் வருமானமாக எண்ணுவதில்லை; தமது படைப்பைச் சொத்தாகக் கருதுவதுமில்லை. சட்டமோ இரண்டையும் கணக்கில் எடுக்கிறது. அதை அறியாதவர் தமக்குரியதை இழக்கிறார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாழும் காட்சிக் கலைஞர் தமது படைப்பை விற்கத் தொடங்குமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பொழுதுபோக்கா, தொழிலா?

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இது. உறவினருக்கு ஆண்டுக்கு ஓர் ஓவியம் வரைந்து கொடுத்து, வண்ணச் செலவுக்குப் பணம் பெறுவது பொழுதுபோக்காகவே கொள்ளப்படலாம். இலாப நோக்குடன், ஒழுங்காகவும் திரும்பத் திரும்பவும் படைத்து, விளம்பரம் செய்து, கணக்கு வைத்து விற்பது தொழில். எந்த ஒரு அடையாளமும் தனித்து நின்று இதைத் தீர்மானிப்பதில்லை. அவுஸ்திரேலிய வரி அலுவலகம் அனைத்தையும் சேர்த்தே நோக்கும். கடந்த ஆண்டு இலாபம் இல்லை என்பதால் மட்டும் ஒருவர் தொழில்முறைக் கலைஞர் அல்லர் என்று ஆகிவிடாது.

தொழிலாகச் செய்பவர் ஏ.பி.என். எனப்படும் அவுஸ்திரேலிய வணிக எண்ணைப் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இணையத்தளம் அரசின் தளம் அன்று, அது இடைத்தரகருடையது. சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்துவோர் வணிகப் பெயரைத் தனியே பதிவுசெய்ய வேண்டியதில்லை.

இந்த எண் இல்லாவிட்டால் நேரும் நட்டம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நிறுவனமோ அமைப்போ 75 டொலருக்கு மேற்பட்ட தொகையை ஒரு கலைஞருக்குச் செலுத்தும்போது, அவரது விலைப்பட்டியலில் வணிக எண் இல்லையெனில், பொதுவாக 47 சதவீதத்தைப் பிடித்து வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். உண்மையிலேயே பொழுதுபோக்காக வரைபவர், அதை உறுதிப்படுத்தும் வழங்குநர் கூற்றுப் படிவத்தைக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் இப்பிடித்தம் நேராது. எனினும், தொழில் செய்பவர் அப்படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என எழுதுவது பொய்க்கூற்றாகும்.

ஆண்டு விற்பனை 75,000 டொலரை எட்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிவுசெய்வது கட்டாயம். அதற்குக் கீழ் அது விருப்பத்துக்கு உரியது. வரவு செலவுப் பதிவுகளை ஐந்து ஆண்டுகள் பேண வேண்டும்.

கலைஞருக்கென வரிச் சட்டத்தில் இரண்டு சலுகைகள் உள்ளன. தொழில்முறைக் கலைஞர் ஒருவரின் பிற வருமானம் 40,000 டொலருக்குக் குறைவாயின், கலைத்தொழிலில் ஏற்பட்ட நட்டத்தை அந்த ஆண்டே ஏனைய வருமானத்திலிருந்து கழிக்கலாம். மேலும், ஓராண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு குறைவாகவும் உழைக்கும் கலைஞர், வருமானத்தைச் சராசரிப்படுத்தி வரி செலுத்தும் முறைக்கு உரியவர் ஆகலாம். இரண்டையும் பற்றிப் பதிவுபெற்ற வரி முகவரிடம் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கேளாதவருக்கு எல்லா முகவரும் நினைவூட்டுவதில்லை.

சென்டர்லிங்க் கொடுப்பனவு பெறுவோர் ஓவியம் விற்ற வருமானத்தையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். வேலை நிபந்தனையுள்ள விசாவில் இருப்போர், விற்பனையைத் தொடங்குமுன் தமது நிபந்தனைகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

விலை குறித்தல்

1,000 டொலர் விலையிட்ட ஓவியம் ஒன்று கலைக்கூடத்தின் வழியாக விற்கப்படுகிறது எனக் கொள்வோம். கலைக்கூடம் எடுக்கும் தரகு பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். 40 சதவீதம் எனின், கலைஞர் கைக்கு வருவது 600 டொலர். சட்டகத்துக்கு 120, துணிக்கும் வண்ணத்துக்கும் 80 போனால் மீதி 400. அந்த ஓவியத்துக்கு இருபது மணிநேரம் உழைத்திருந்தால், மணிக்கு 20 டொலர். 2025 ஜூலை முதல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டொலர். ஆயிரம் டொலர் என்ற விலையைக் கேட்டுப் ‘படத்துக்கா இவ்வளவு?’ என்று வியப்பவர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. பல கலைஞர்களும் பார்ப்பதில்லை.

பொருட்செலவு, உழைத்த நேரம், தரகு, அளவு ஆகியவற்றை எழுதி வைத்தே விலை குறிக்க வேண்டும். ஒரே அளவும் ஒரே தரமும் கொண்ட படைப்புகளுக்கு விலை ஒத்திருத்தல் நன்று. கலைக்கூடத்தில் 1,000 டொலருக்குத் தொங்கும் ஓவியத்தை வீட்டில் 600 டொலருக்குக் கொடுப்பவருடன் எந்தக் கலைக்கூடமும் நெடுநாள் பணியாற்றாது. நண்பருக்குச் சலுகை தர விரும்பினால், விலைப்பட்டியலில் முழு விலையை எழுதி, கழிவைத் தனியே காட்டுவது சிறந்தது. அவ்வாறு செய்தால் படைப்பின் விலை தாழ்வதில்லை, நட்பும் கெடுவதில்லை.

கலையால் மட்டும் வாழ்வது இந்நாட்டில் பிறந்தவர்க்கும் அரிது. கலைஞர்களின் பொருளாதார நிலை பற்றி கிரியேட்டிவ் அவுஸ்திரேலியா 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாத் துறைக் கலைஞரதும் சராசரி ஆண்டு வருமானம் ஏறத்தாழ 54,500 டொலர். அதில் படைப்புப் பணியிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 23,200 டொலர் மட்டுமே. ஆகவே வேறு வேலை பார்த்துக்கொண்டு வரைவது தோல்வியின் அடையாளம் அன்று. பெரும்பாலோரின் நடைமுறை அதுவே.

விற்கும் இடங்கள்

தொடக்க நிலையில் இருப்பவருக்கு நூலகச் சுவர், சமூக நிலையம், வார இறுதிச் சந்தை ஆகியன ஏற்றவை. சந்தையில் கடை போடுவதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி கேட்கப்படும். காப்புத் தொகை பெரும்பாலும் 20 மில்லியன் டொலராக இருக்க வேண்டும் என்பர். சில சந்தை அமைப்பாளர்கள் தமது காப்புறுதியிலேயே கடைக்காரரைச் சேர்த்துக்கொள்வதால், தனியே வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

போட்டிகள் மற்றொரு வாயில். 1921 முதல் வழங்கப்படும் ஆர்ச்சிபோல்ட் உருவப்பட விருதுக்கு, முந்தைய 12 மாதங்கள் இந்நாட்டில் வாழ்ந்த எவரும் படைப்பு அனுப்பலாம், குடியுரிமை கேட்கப்படுவதில்லை. வரையப்படுபவர் நேரில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஒளிப்படத்தைப் பார்த்து மட்டும் வரைந்தது ஏற்கப்படாது. உள்ளூராட்சி சபைகள் நடத்தும் விருதுகளில் போட்டி சற்றே குறைவு. நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடையாது என்பதையும், சில போட்டிகளில் பரிசு பெற்ற படைப்பு அமைப்பாளருக்கே உடைமையாகிவிடும் என்பதையும் விதிகளைப் படித்து அறிந்த பின்னரே அனுப்புதல் வேண்டும்.

தமிழ் மரபிலிருந்து எழும் படைப்புக்கு இங்கு இடமில்லை என்ற எண்ணம் சரியன்று. கொழும்பில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ரமேஷ் மாரியோ நித்தியேந்திரன், இந்து சமயத் திருவுருவங்களின் சாயல் கொண்ட சுடுமண் சிற்பங்களால் அறியப்பட்டவர். அவருடைய படைப்புகள் நாட்டின் முதன்மையான பொதுக் கலைக்கூடங்களில் இடம்பெற்றுள்ளன.

கலைக்கூடத்திடம் ஒப்படைத்த படைப்பு

பெரும்பாலான கலைக்கூடங்கள் ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை. விற்றுத்தருவதற்காகப் பெற்றுக்கொள்கின்றன; விற்கும்வரை அது கலைஞரின் உடைமையே. இம்முறை பல ஆண்டுகளாக வாய்ச்சொல்லிலேயே நடந்து வருகிறது. கலைக்கூடம் நல்லபடி நடக்கும்வரை இடர் எதுவும் தெரியாது. அது நொடித்துப்போனால்தான் சிக்கல் எழும். சுவரில் தொங்கும் ஓவியங்கள் எவருடையவை என்ற கேள்வியை வங்கியும், வாடகைக்கு விட்டவரும், நிறுவனத்தைக் கலைக்க நியமிக்கப்பட்ட அலுவலரும் ஒருங்கே கேட்பர்.

2009ஆம் ஆண்டின் தனிநபர் சொத்துப் பிணைச் சட்டம் 2012 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, வணிக நோக்கில் ஒப்படைக்கப்பட்ட பொருளின்மீது கலைஞருக்குள்ள உரிமை பதிவேட்டில் இடம்பெறவில்லையெனில், கலைக்கூடம் நொடித்த நாளில் அந்தப் பொருளே கலைக்கூடத்தின் சொத்தாகிக் கடன்காரரைச் சென்றடையக்கூடும். ‘அது என் கையால் வரைந்தது’ என்ற வாதம் அப்போது போதாது. பிறர் பொருளை விற்றுத்தருவதே தொழில் என்று கடன்காரரிடையே பரவலாக அறியப்பட்ட கலைக்கூடமாயின் விதிவிலக்கு உண்டு. ஆனால், அதை நிறுவும் சுமை நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லும்.

இதற்கான தீர்வு எளிது, செலவும் குறைவு. பி.பி.எஸ்.ஆர். என வழங்கும் தேசியப் பதிவேட்டில் இணையத்தின் மூலம் பதிவுசெய்யலாம். ஏழாண்டுக் காலத்துக்குக் கட்டணம் சில டொலர்களே. கலைக்கூடத்தை நடத்தும் நிறுவனத்தின் சரியான சட்டப்பெயரையும் எண்ணையும் கொண்டு பதிவுசெய்ய வேண்டும். வாசலில் எழுதியுள்ள கடைப்பெயர் போதாது. மிக முக்கியமாக, படைப்பைக் கையளிக்குமுன் பதிவு முடிந்திருக்க வேண்டும். பின்னர் செய்யப்படும் பதிவு, முன்னரே பதிவுசெய்த வங்கிக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரிடும்.

பதிவோடு எழுத்துமூல ஒப்பந்தமும் வேண்டும். அதில் குறைந்தது பின்வருவன இருத்தல் நன்று:

- ஒவ்வொரு படைப்பின் பெயர், அளவு, விலை, ஒளிப்படம்
- விற்கும்வரை உடைமை கலைஞருக்கே உரியது என்ற வாசகம்
- தரகுச் சதவீதம். கழிவு கொடுத்தால் அதை ஏற்பவர் எவர் என்பது
- விற்ற பின் எத்தனை நாளில் பணம் வரும் என்பது
- தீ, களவு, சேதம் ஆகியவற்றுக்கான காப்புறுதி எவர் பொறுப்பு என்பது
- விற்காத படைப்பு எந்த நாளில் எவர் செலவில் திரும்பும் என்பது

ஒப்பந்தம் தர மறுக்கும் கலைக்கூடத்துக்கு, கலைஞரே இவற்றை ஒரு தாளில் எழுதி மின்னஞ்சலில் அனுப்பி, ஒப்புதலைப் பெற்றுவைப்பது ஒன்றுமில்லாததைவிட மேல்.

ஓவியம் வேறு, பதிப்புரிமை வேறு

ஓவியத்தை வாங்குபவர் துணியையும் அதன்மேலுள்ள வண்ணத்தையும் வாங்குகிறார். அதை அச்சிடவும் நாட்காட்டியாக்கவும் இணையத்தில் பரப்பவும் உள்ள உரிமை கலைஞரிடமே நிற்கிறது. 1968ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருப்பெற்ற கணத்திலேயே இவ்வுரிமை பிறக்கிறது. பதிவு தேவையில்லை, அவ்வாறான அரசுப் பதிவேடும் இந்நாட்டில் இல்லை. கலைஞரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். கையொப்பமிட்ட எழுத்து ஆவணமின்றி அதைப் பிறருக்கு உடைமையாக்க முடியாது.

இதற்கு முக்கியமான விலக்குகள் உள்ளன. பணிக்கொள்வோரின் கீழ் வேலையாக வரைந்ததன் உரிமை பொதுவாகப் பணிக்கொள்வோரைச் சேரும். பணம் கொடுத்து வரைவித்த உருவப்படத்தின் பதிப்புரிமையும், வேறு உடன்பாடு இல்லாவிடில், வரைவித்தவருக்கே உரியது. எனவே பாட்டியின் உருவத்தை வரைந்து தரும்படி ஒரு குடும்பம் கேட்டால், அந்தப் படத்தைத் தமது விளம்பரத்தில் வெளியிடும் உரிமையைக் கலைஞர் முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். கோயில் சுவரில் தீட்டும் புராணக் காட்சிக்கு இவ்விலக்கு பொருந்தாது. அங்கே பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். கோயில் நிர்வாகம் அதை விழா மலரின் அட்டையில் அச்சிட விரும்பினால், அனுமதி கேட்பதும், தேவையெனில் தனிக் கட்டணம் கொடுப்பதும் முறை.

நமது சமூகத்தில் அடிக்கடி நிகழ்வது இது: சங்கம் ஒன்று விழா மேடைக்குப் படம் வரைந்து தரும்படி கேட்கிறது, கலைஞர் இலவசமாகத் தருகிறார், மறு ஆண்டு அதே படம் பனியன்களில் அச்சாகி விற்பனைக்கு வருகிறது. இலவசமாகக் கொடுத்ததால் உரிமை போய்விட்டது என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. எதற்காக, எவ்வளவு காலத்துக்கு அனுமதி என்பதை இரண்டு வரியில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மனத்தாங்கலே எழுந்திராது. வேண்டுகோளின்பேரில் வரையும் எப்பணிக்கும் முற்பணம், முடிக்கும் நாள், எத்தனை முறை திருத்தம் என்பனவற்றையும் அதே தாளில் குறித்தல் நன்று.

பதிப்புரிமையை விற்றுவிட்ட பின்னரும் கலைஞரிடம் எஞ்சும் உரிமைகள் உண்டு. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த இவை தார்மீக உரிமைகள் எனப்படும். படைப்புடன் தமது பெயர் குறிக்கப்படுதல், பிறர் பெயரில் அது வெளியாகாதிருத்தல், தமது மதிப்புக்கு ஊறு நேரும் வகையில் அது சிதைக்கப்படாதிருத்தல் ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும்.

பிறர் படைப்பைப் பார்த்து வரைதல்

தமக்குள்ள உரிமை பிறருக்கும் உண்டு. ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தவர். அவருடைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து விற்கத் தடையில்லை. தமிழ்க் கிராமத்துப் பெண்களை ஒளிப்படம் போலத் தீட்டிய ஓவியர் எஸ். இளையராஜா 2021இல் மறைந்தார். அவருடைய படைப்புகளின் உரிமை அவர் வாரிசுகளிடம் இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கும். பயிற்சிக்காக வீட்டில் வரைந்து பார்ப்பது வேறு. அதைச் சந்தையில் வைத்து விற்பது வேறு. இணையத்தில் கிடைத்த நடிகரின் ஒளிப்படத்துக்கும் இது பொருந்தும். சிறிது மாற்றினால் போதும் என்ற நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. படைப்பின் முக்கியமான பகுதி எடுக்கப்பட்டதா என்பதே கேள்வி.

இம்மண்ணின் முதற்குடிகளின் புள்ளி ஓவியங்களையும் குறியீடுகளையும் ஒத்த நினைவுப் பொருட்களை விற்பதைத் தவிர்க்க வேண்டும். அவற்றுட் பல குறிப்பிட்ட குலத்தின் நிலத்தையும் கதையையும் காப்போருக்கே உரியவை. முதற்குடிகள் வரைந்ததாக வாங்குவோரை நம்பவைப்பது நுகர்வோர் சட்டத்துக்கும் முரண். இவ்வாறு செய்த மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் 23 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது.

மறுவிற்பனை உரிமத்தொகை

கிளிஃபோர்ட் பொசம் சபல்ஜாரி என்ற முதற்குடி ஓவியர் 1977இல் தீட்டிய ‘வார்லுகுலொங்’ என்னும் பெரும் ஓவியம் முதலில் 1,200 டொலருக்கு விற்கப்பட்டது. 2007இல் அது ஏலத்தில் 24 இலட்சம் டொலருக்குப் போனது. ஓவியர் 2002இலேயே மறைந்துவிட்டார். அந்தத் தொகையில் ஒரு காசைக்கூடக் கேட்கும் உரிமை அவர் குடும்பத்துக்குச் சட்டத்தில் இருக்கவில்லை.

இத்தகைய நிலையை மாற்ற வந்த சட்டம் 2010 ஜூன் 9 முதல் நடைமுறையில் உள்ளது. கலைஞர் கையைவிட்டு ஒருமுறை சென்ற படைப்பு, பின்னர் ஏலக்கூடம் அல்லது கலை வணிகரின் வழியாக 1,000 டொலருக்கோ அதற்கு மேலோ விற்கப்பட்டால், விலையில் 5 சதவீதம் கலைஞரைச் சேரும். 3,000 டொலருக்கு மறுவிற்பனையானால் 150 டொலர். முதலில் அன்பளிப்பாகக் கொடுத்த படமாயினும் இது பொருந்தும். சட்டத்துக்கு முன்பே இருந்த படைப்பாயின், சட்டம் வந்தபின் நிகழும் முதல் கைமாற்றத்துக்குத் தொகை இல்லை. அடுத்த விற்பனையிலிருந்தே உண்டு. இவ்வுரிமை கலைஞருக்குப் பின் 70 ஆண்டுகள் வாரிசுகளுக்குத் தொடரும். இதை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்துக்கு வலுவில்லை. குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உடையவர் இதற்கு உரியர். சட்டம் ஏற்றுக்கொண்ட பிற நாடுகளைச் சேர்ந்தோரும் உரியர். தொகையைத் திரட்டி வழங்குவது கொப்பிரைட் ஏஜென்சி. அங்கே இலவசமாகப் பதிவுசெய்து, முகவரியும் வங்கி விபரமும் மாறும்போது தெரிவித்து வர வேண்டும்.

இதற்கெல்லாம் ஆதாரம் கலைஞர் வைத்திருக்கும் பதிவேடே. படைப்பின் பெயர், ஆண்டு, அளவு, ஒளிப்படம், வாங்கியவர், விலை, கொடுத்த அனுமதிகள் ஆகியவற்றை ஒரு கொப்பியிலேனும் எழுதிவைத்தல் வேண்டும். அது இருக்கும் இடத்தைக் குடும்பத்தில் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். இறுதி விருப்ப ஆவணத்தில் பதிப்புரிமையையும் மறுவிற்பனை உரிமையையும் குறிப்பிட மறக்கலாகாது.

உதவி பெறும் வழிகள்

கலைஞர்களுக்கான சட்ட ஆலோசனையை ஆர்ட்ஸ் லோ சென்டர் வழங்குகிறது. மாதிரி ஒப்பந்தங்களும் அங்கு கிடைக்கும். பதிப்புரிமை பற்றிய இலவசத் தகவல் தாள்களை அவுஸ்திரேலிய கொப்பிரைட் கவுன்சில் வெளியிடுகிறது. தரகு, கட்டணம், கண்காட்சி நடைமுறை ஆகியவற்றுக்கு நாவா எனப்படும் தேசியக் காட்சிக் கலைச் சங்கத்தின் நடைமுறைக் கோவை வழிகாட்டும். விற்ற பணத்தைக் கலைக்கூடம் தராவிடில், 20,000 டொலர் வரையான கோரிக்கைகளை உள்ளூர் நீதிமன்றத்தின் சிறுகோரிக்கைப் பிரிவில், சட்டத்தரணி இன்றியே தாக்கல் செய்யலாம்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் 131 450 என்ற இலக்கத்தில் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு, தாம் பேச விரும்பும் அலுவலகத்துடன் இணைத்துத் தரும்படி கோரலாம். கண்காட்சி இடம், சமூகக் கலை மானியம், சந்தை அனுமதி ஆகியன குறித்துச் சபையின் வாடிக்கையாளர் சேவை நிலையத்திலும் நூலகங்களிலும் விசாரிக்கலாம்.

இங்கே தரப்பட்டது பொதுத் தகவல். ஒருவரின் தனிப்பட்ட நிலைமைக்கான சட்ட ஆலோசனையோ வரி ஆலோசனையோ அன்று. தொகைகளும் வரம்புகளும் காலத்துக்குக் காலம் மாறக்கூடியவை. ஆகையால் கையொப்பமிடுமுன் உரிய அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுதல் வேண்டும். கையொப்பமிட்ட பின் ஆலோசனை கேட்போருக்கு உதவும் வழிகள் மிகக் குறைவு.